மூன்றாம் ஆண்டிலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத புளூபெர்ரிச் செடிகள்

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் நான் வளர்க்கும் ஹைபுஷ் (உயரப் புதராக வளரும்) வகைப் புளூபெர்ரிச் செடிகளுக்கு இது மூன்றாவது வளர்பருவம். நட்ட நாளில் இருந்த உயரத்தைவிட இப்போது ஒரு சாண் அளவுகூட அவை கூடுதலாக வளரவில்லை. தூரிலிருந்து புதிய தண்டுகள் எழும்பவில்லை. கிளை நுனிகளில் விரல் நீளத்துக்குத் தளிர் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. அந்தத் தளிர் இலைகளில் நரம்புகள் பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளிர்மஞ்சளாகவும் இருக்கின்றன. கீழே உள்ள பழைய இலைகள் ஓரளவு பச்சையாகவே உள்ளன. பூச்சித் தாக்குதலோ இலைப்புள்ளியோ என் கண்ணில் படவில்லை.

தோட்டத்து மண் களிமண். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குழி எடுத்து, அதில் பீட் மாஸ் (சதுப்பு நிலத்துப் பாசி மட்கிய பொருள்) நிரப்பி, நாற்றங்கால் தொட்டியிலிருந்து எடுத்த செடியை அப்படியே வைத்து நட்டேன். ஆண்டுக்கு இருமுறை மண்புழு உரமும் மக்கிய தொழுவுரமும் இடுகிறேன். நிலத்தடி நீரைத்தான் பாய்ச்சுகிறேன். அதே பாத்தியின் மறுமுனையில் உள்ள தக்காளியும் கத்தரியும் செழித்து வளர்வதால், மண்ணில் சத்து இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. உரத்தின் அளவைக் கூட்டலாமா, அல்லது வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

உரத்தின் அளவைக் கூட்ட வேண்டாம். நீங்கள் இப்போது இடுவதையும் சிறிது காலம் நிறுத்தி வையுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் புளூபெர்ரி வளர்ப்பில் பெரும்பாலான தோல்விகள் இந்த ஓர் இடத்தில்தான் நேர்கின்றன.

தக்காளியும் கத்தரியும் செழிக்கும் மண்ணின் பி.எச். அளவு (அமில-கார அளவு, 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) பொதுவாக 6 முதல் 7 வரை இருக்கும். புளூபெர்ரிக்கு வேண்டியது 4.5 முதல் 5.5 வரையிலான, தெளிவான அமில மண். எண்களில் பார்க்கும்போது இடைவெளி சிறிதாகத் தோன்றினாலும், பி.எச். ஒவ்வொரு அலகு கூடும்போதும் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே 6.5 அளவுள்ள மண் 4.5 அளவுள்ள மண்ணைவிட நூறு மடங்கு அமிலம் குறைந்தது. அத்தகைய மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் செடியால் எடுக்க முடியாத வடிவில் இறுகிக் கிடக்கும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகளில் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். தழைச்சத்துக் குறைபாடாக இருந்திருந்தால், மஞ்சள் நிறம் பழைய இலைகளில் தொடங்கி இலை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருக்கும். நீங்கள் எழுதியிருப்பது அதற்கு நேர்மாறானது.

தழைச்சத்திலும் இந்தச் செடிக்குத் தனி விருப்பம் உண்டு. பெரும்பாலான காய்கறிகள் நைட்ரேட் வடிவத் தழைச்சத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. அமில மண்ணில் தோன்றி வளர்ந்த புளூபெர்ரியோ அம்மோனியம் வடிவத்தையே நாடுகிறது, நைட்ரேட்டை மாற்றிப் பயன்படுத்தும் திறன் அதற்குக் குறைவு. மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் பெரும்பாலும் நடுநிலையிலோ சற்றுக் காரமாகவோ இருப்பதோடு, அவற்றில் கரையும் உப்புகளும் மிகுதி. புளூபெர்ரியின் மெல்லிய வேர்களில் வேர்த்தூவிகளே கிடையாது, அதனால் உப்பு அவற்றை எளிதில் கருக்கிவிடும். பிற செடிகளுக்கு நாம் அன்போடு கொடுக்கும் உணவு இந்தச் செடிக்குச் சுமையாகிவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் பிரெடரிக் கோவில், காட்டில் வளர்ந்த புளூபெர்ரி தோட்டத்தில் ஏன் நலிகிறது என்று ஆராய்ந்து, அதற்கு அமில மண் இன்றியமையாதது என்பதை 1910இல் வெளியிட்டார். அதன் பிறகே நியூ ஜெர்சியில் எலிசபெத் வைட்டுடன் சேர்ந்து அவர் தேர்ந்தெடுத்த செடிகளிலிருந்து 1916இல் முதல் வணிக விளைச்சல் கிடைத்தது. அதுவரை, வளமான மண்ணில் எருவிட்டு வளர்க்க முயன்றவர்களுக்கெல்லாம் உங்களுக்கு நேர்ந்ததே நேர்ந்தது.

முடிவுக்கு வருமுன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். வேர் இருக்கும் ஆழத்திலிருந்து, அதாவது மேற்பரப்பின் குப்பையை விலக்கிவிட்டு சுமார் 15 செ.மீ. வரையிலான மண்ணை எடுத்து, அதன் பி.எச். அளவை ஆய்வகத்தில் பாருங்கள். மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவான ஊசிக்கருவிகளை நான் நம்புவதில்லை. குழிக்குள் இருந்து ஒன்று, குழிக்கு வெளியே இருந்து ஒன்று என இரண்டு மாதிரிகள் வேண்டும். அடுத்து, காய்ந்த மண்ணில் சிறிது வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவதாக, நீங்கள் பாய்ச்சும் நீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தணிக்கும் அதன் திறனை, அளந்து பாருங்கள். மீன்தொட்டி நீரைச் சோதிக்க விற்கும் சிறு கருவிப்பெட்டியே இதற்குப் போதும். அது காட்டும் ஒவ்வொரு பாகையும் லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமம்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆயினும் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மிகவும் நலிந்த ஒரு செடியைத் தோண்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். புளூபெர்ரியின் வேர்கள் பெரும்பாலும் மேல் 30 செ.மீ. மண்ணுக்குள்ளேயே படர்ந்திருப்பதால், கவனமாகச் செய்தால் செடிக்குப் பெரிய கேடு வராது.

“அப்படியே வைத்து நட்டேன்” என்று எழுதியிருப்பதால்தான் இதைச் சொல்கிறேன். தொட்டியில் நெடுநாள் இருந்த புளூபெர்ரியின் வேர்கள் தொட்டிச் சுவரைச் சுற்றிச் சுற்றி வளர்ந்து, கம்பளிபோல இறுகியிருக்கும். அதைப் பிரிக்காமல் நட்டால், ஆண்டுகள் கடந்தாலும் வேர் அந்த உருளையை விட்டு வெளியே வருவதில்லை. தோண்டும்போது செடி பழைய தொட்டியின் வடிவத்திலேயே கையோடு வந்துவிட்டால், அது மண்ணில் இன்னும் வாழவே தொடங்கவில்லை என்று கொள்ளலாம். அப்போது வேர்க்கட்டியின் பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் கூர்மையான கத்தியால் ஓர் அங்குல ஆழத்துக்குக் கீறி, அடிப்பகுதியை விரல்களால் நெகிழ்த்தி, வெளிப்புற வேர்களை விரித்துவிட்டு நட வேண்டும். பார்க்கும்போது மனம் பதறும், ஆனால் அந்தக் கீறல்களிலிருந்துதான் புதிய வேர் கிளம்பும்.

களிமண்ணில் குழி எடுத்துப் பீட் மாஸ் நிரப்பும் முறையில் மற்றோர் இடர் இருக்கிறது. சுற்றியுள்ள களிமண் நீரை உள்ளே விடுவதுமில்லை, வெளியே வடியவிடுவதுமில்லை. மழை பெய்தால் குழியின் அடியில் நீர் தேங்கி வேர் அழுகுகிறது, பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமி இத்தகைய இடத்தில்தான் பெருகும். கோடையிலோ பீட் மாஸ் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுக்கிறது. நாம் ஊற்றும் நீர் அதன் ஓரமாக வழிந்து களிமண்ணை நனைக்கும், வேர்க்கட்டியின் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் ஈரம் இருப்பதாகவே தோன்றும். ஆகையால் தோண்டும்போது வேர்க்கட்டியின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அங்கே காற்றோட்டம் இல்லை.

மூன்றாம் பதில்

எல்லோரும் பி.எச். பற்றியே பேசுவதால் வகை பற்றி ஒரு சொல். ஹைபுஷ் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வடக்கு ஹைபுஷ் வகைகளுக்கு ஆண்டுதோறும் சுமார் 800 முதல் 1000 மணி நேரம் வரை 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் தேவைப்படும். தெற்கு ஹைபுஷ் வகைகள் அதில் பாதிக்கும் குறைவான குளிரிலேயே துளிர்க்கக்கூடியவை, அவற்றுள் சில 200 மணி நேரத்தோடு நிறைவடைகின்றன. குளிர் போதாத செடி தாமதமாகவும் சீரற்றும் துளிர்க்கும், சில கிளைகளில் மொட்டு விரியாமலே போகும். உங்கள் செடிகள் உரிய பருவத்தில் எல்லாக் கிளைகளிலும் ஒன்றாகத் துளிர்க்கின்றனவா என்று தெரிவியுங்கள். ஒன்றாகத் துளிர்த்துப் பிறகு நின்றுபோனால் குறை வகையில் இல்லை.

மண்ணைப் பொறுத்தவரை, வாரம் ஒருமுறை நீரில் வினிகர் கலந்து ஊற்றுவதும், வடித்த காபித்தூளைத் தூரில் பரப்புவதும் எளிய வழிகள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். செடிகளைத் தோண்டி எடுப்பதற்குமுன் இவற்றைச் செய்து பார்க்கலாமே.

கேட்டவர்

பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. சோதனை முடிவுகள் வந்துவிட்டன. குழிக்கு வெளியே உள்ள மண்ணின் பி.எச். 7.4, குழிக்குள் 6.7. வெளிமண்ணில் வினிகர் ஊற்றியபோது நன்றாகவே நுரைத்தது. நீரின் காரத்தன்மை 12 பாகை, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 215 மில்லிகிராம். தோண்டிய செடி தொட்டியின் வடிவத்திலேயே வந்தது, வெளிப்புறத்தில் சில வேர்கள் மட்டும் பீட் மாஸுக்குள் ஓரிரு அங்குலம் நீண்டிருந்தன. நாற்றம் இல்லை. வேர்க்கட்டியின் நடுப்பகுதி காய்ந்திருந்தது. துளிர் எல்லாக் கிளைகளிலும் ஒரே சமயத்தில்தான் வருகிறது.

பீட் மாஸ் இயல்பிலேயே அமிலம் மிகுந்தது என்று அறிவேன். அதையே நிரப்பிய குழி எப்படி 6.7 ஆக மாறியது என்பது எனக்கு விளங்கவில்லை. கந்தகத் தூளிட்டு இந்த மண்ணையே மாற்ற முடியுமா?

முதலில் பதிலளித்தவர்

குழிக்குள் நடந்ததை உங்கள் நீரின் எண்ணே சொல்லிவிடுகிறது. பீட் மாஸ் 3.5 முதல் 4.5 வரையிலான பி.எச். அளவோடுதான் தொடங்கும். ஆனால் லிட்டருக்கு 215 மில்லிகிராம் காரத்தன்மையுள்ள நீரை ஒரு செடிக்கு வாரம் 10 லிட்டர் ஊற்றினால், அந்தக் குழியில் வாரம் 2 கிராமுக்குச் சற்று மேல், ஆண்டுக்கு 110 கிராம் அளவுக்குச் சுண்ணாம்பு இடுவதற்கு அது சமம். வெயில் நாள்களில் நாம் ஊற்றுவது இதைவிட அதிகம். மழைநீரோ ஏறத்தாழ 5.6 பி.எச். அளவுடன் கிட்டத்தட்டக் காரத்தன்மையே இல்லாமல் வருகிறது. நீரின் பி.எச். எண்ணைப் பார்ப்பதைக் காட்டிலும் காரத்தன்மையைப் பார்ப்பதே முக்கியம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். 7.5 பி.எச். உள்ள இரண்டு நீர்களில் ஒன்று மண்ணை ஒன்றும் செய்யாது, மற்றொன்று இரண்டே ஆண்டில் மாற்றிவிடும். பக்கத்துச் சுண்ணாம்பு மண்ணிலிருந்து கசிந்து வந்ததும் சேர்ந்து 6.7 ஆகியிருக்கிறது.

கந்தகம் குறித்து: மண்ணிலுள்ள ஒருவகைப் பாக்டீரியாக்கள் கந்தகத் தூளைக் கந்தக அமிலமாக மாற்றுவதால்தான் பி.எச். இறங்குகிறது. அதற்கு வெதுவெதுப்பான, ஈரமான, காற்றோட்டமுள்ள மண்ணும் சில மாதங்களும் வேண்டும். சுண்ணாம்பு இல்லாத மண்ணில் பி.எச். ஓர் அலகு இறங்க, மணற்பாங்கான நிலத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிராமும், வண்டல் கலந்த மண்ணுக்கு 115 கிராம் அளவிலும், களிமண்ணுக்கு அதற்கு மேலும் கந்தகம் தேவைப்படும். நுரைக்கும் மண்ணுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ஒரு கிலோ கந்தகம் ஏறத்தாழ மூன்று கிலோ சுண்ணாம்பைக் கரைக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 15 செ.மீ. ஆழத்து மண் சுமார் 200 கிலோ இருக்கும், அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு இருந்தால்கூட இரண்டு கிலோ ஆகிறது. அதைத் தீர்ப்பதற்கே 600 கிராமுக்கு மேல் கந்தகம் வேண்டும், அதன் பிறகுதான் பி.எச். அசையவே தொடங்கும். அவ்வளவையும் இட்டால் உருவாகும் உப்புகள் வேரைக் கெடுக்கும். கீழிருந்தும் நீரிலிருந்தும் சுண்ணாம்பு மேலும் வந்துகொண்டே இருக்கும். அந்தக் களிமண்ணோடு போராட வேண்டாம், செடிகளை அதிலிருந்து விலக்குவதே நேர்மையான வழி என்பது என் கருத்து. அலுமினியம் சல்பேட் விரைவாக வேலை செய்யும் என்று சிலர் பரிந்துரைப்பார்கள். தொடர்ந்து இட்டால் அலுமினியம் சேர்ந்து வேருக்கு நஞ்சாகும் என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

வினிகர் பற்றிச் சொன்ன நண்பரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் அதில் எனக்கு உடன்பாடு இல்லை. வினிகரின் அமிலம் நீரின் காரத்தன்மையை அந்தக் கணத்தில் தணிப்பது உண்மை. மண்ணுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் வினிகர் அமிலத்திலிருந்து வந்த அசிட்டேட்டை உணவாக உட்கொண்டுவிடுகின்றன, தணிந்த காரத்தன்மை பைகார்பனேட்டாக மீண்டும் வெளிப்படுகிறது. சிட்ரிக் அமிலத்துக்கும் இதே கதிதான். அடர்த்தியாக ஊற்றினால் வேர் வெந்துபோகும். வடித்த காபித்தூளில் அமிலம் பெரும்பாலும் நீரோடு இறங்கிவிடுவதால், எஞ்சுவது கிட்டத்தட்ட நடுநிலையில்தான் இருக்கும். மூடாக்கோடு சிறிதளவு கலந்து போடுவதில் தீங்கில்லை, மண்ணை மாற்றும் என்று மட்டும் அதை நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டாவதாகப் பதிலளித்தவர்

இந்த எண்களைப் பார்த்த பிறகு நானும் அதையே சொல்வேன். தொட்டியிலோ, களிமண்ணின் மேல் எழுப்பிய மேட்டுப்பாத்தியிலோ வளருங்கள். மேட்டுப்பாத்தி என்றால் குறைந்தது 30 செ.மீ. உயரம் வேண்டும், 40 செ.மீ. இருந்தால் மனநிறைவோடு இருக்கலாம். பக்கச்சுவருக்கு மரப்பலகை பொருந்தும். சிமெண்ட் கட்டுமானத்தைத் தவிருங்கள், அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். தொட்டியென்றால் இப்போதைய அளவுக்கு 20 லிட்டர் போதும், வளர்ந்த பிறகு 40 முதல் 50 லிட்டருக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

நிரப்பும் கலவையில் பைன் மரப்பட்டைத் துண்டுகள் பாதியும், பீட் மாஸ் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும், மீதம் பெர்லைட்டும் (காற்றோட்டம் தரும் எடை குறைந்த வெண்ணிறக் கனிமத் துகள்) இருக்கட்டும். பீட் மாஸைக் கலப்பதற்குமுன் நீரில் நன்றாக ஊறவைத்துப் பிசைந்துகொள்ளுங்கள். தோட்டத்து மண்ணை ஒரு கைப்பிடிகூடச் சேர்க்க வேண்டாம். பீட் மாஸ் கிடைக்காவிட்டால் தென்னைநார்க் கழிவைப் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள். அதைப் பலமுறை நல்ல நீரில் அலசி உப்பை நீக்க வேண்டும், அதன் பி.எச். பெரும்பாலும் 5.5க்கு மேல் இருப்பதால் சிறிது கந்தகமும் முன்னதாகவே கலந்து வைக்க வேண்டியிருக்கும். மேலே 5 முதல் 8 செ.மீ. வரை மரப்பட்டையையோ மரத்தூளையோ மூடாக்காகப் பரப்புங்கள். வேர் மேலோட்டமாக ஓடும் செடிக்கு மூடாக்கு இல்லாத கோடை மிகக் கொடியது. புதிய மரத்தூள் மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்து, உரத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நீருக்கு, மழைநீரைச் சேமித்து வைப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. போதாத நாள்களில் மழைநீரோடு உங்கள் நீரைச் சரிபாதியாகக் கலந்தால் காரத்தன்மை லிட்டருக்கு 110 மில்லிகிராம் அளவுக்கு இறங்கும். அதனால் சேரும் சுண்ணாம்பை ஈடுசெய்ய ஆண்டுக்கு ஒருமுறை சிறிதளவு கந்தகம் போதும். உப்பைக் கொண்டு மென்மையாக்கிய வீட்டு நீரை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதில் சுண்ணாம்புக்குப் பதிலாகச் சோடியம் ஏறியிருக்கும், காரத்தன்மையோ குறையாமல் அப்படியே இருக்கும்.

கேட்டவர்

மேட்டுப்பாத்தியே அமைக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. இப்போதே இடம் மாற்றலாமா, இலையுதிரும் பருவம் வரை காத்திருக்க வேண்டுமா? மாற்றிய பிறகு எந்த உரத்தை, எப்போது தொடங்குவது?

முதலில் பதிலளித்தவர்

பாத்தியை இப்போதே அமைத்து, கலவையை நிரப்பி ஈரமாக வைத்திருங்கள். செடிகள் உறங்குநிலைக்குப் போனபின் மாற்றுங்கள். அதுவரை இரும்புச்சத்துக்காக ஈ.டி.டி.எச்.ஏ. வகைக் கீலேட்டை (இரும்பைச் செடி எடுக்கும் வடிவில் பிடித்துவைத்திருக்கும் சேர்மம்) நீரில் கரைத்துத் தூரில் ஊற்றிக் கொடுக்கலாம். காரமான மண்ணிலும் பிரியாமல் நிற்கும் வடிவம் அதுவே. தளிர்கள் பச்சை திரும்புவதைக் காண்பீர்கள், ஆனால் அது தற்காலிக உதவிதான், அதைக் கண்டு இடமாற்றத்தைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். பாத்தி தயாரானதும் அதன் பி.எச். அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், 5.5க்கு மேல் இருந்தால் நடுவதற்கு முன்பே கந்தகம் கலப்பதற்கு நேரம் கிடைக்கும்.

நடும்போது வேர்க்கட்டியைக் கீறி விரித்து, பழைய தொட்டியில் இருந்த அதே ஆழத்தில் வையுங்கள். மேற்கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்து, கிளை நுனிகளில் உருண்டு திரண்டிருக்கும் பூமொட்டுகளை முழுவதும் கிள்ளிவிடுங்கள். ஒல்லியாகக் கூர்ந்திருப்பவை இலைமொட்டுகள், அவற்றைத் தொட வேண்டாம். நட்ட ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் காய்க்க விடாமல் இருந்தால்தான் வேருக்குப் பலம் சேரும். நல்ல நிலையில் உள்ள புளூபெர்ரியே முழு வளர்ச்சியை எட்ட ஆறு முதல் எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் செடி என்பதால், மாற்றிய முதல் பருவத்தில் மேலே பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். தூரிலிருந்து ஒரு புதுத் தண்டு தடித்து எழும்பினால் வேர் பிடித்துவிட்டது என்று அறியலாம்.

உரத்தை நடும் நாளில் இட வேண்டாம். அடுத்த பருவத்தில் முதல் இலைகள் முழுதாக விரிந்த பிறகு, செடிக்கு 15 கிராம் அம்மோனியம் சல்பேட்டைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி நீர் விடுங்கள். ஆறு வாரம் கழித்து அதே அளவில் இன்னொரு முறை போதும். கோடையின் பிற்பகுதிக்கு மேல் தழைச்சத்து இடக் கூடாது, இளந்தண்டு முற்றாமலே குளிருக்குள் போய்க் கருகிவிடும். பொட்டாஷ் தேவைப்பட்டால் சல்பேட் வடிவத்தில் வாங்குங்கள், குளோரைடு வடிவம் இந்த வேர்களுக்கு ஆகாது. அடுப்புச் சாம்பலை அந்தப் பாத்தியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.